ஊர் திரும்பும் பெண்ணும் ஊராட்சியும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காலை முதல் குடிநீர், வடிகால், தெருவிளக்கு, வரி வசூல் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டு வந்தீர்கள். இப்பொழுது நாம் பேசப் புகும் பொருள் இத்தகைய மேடைகளில் சாதாரணமாகப் பேசப்படுவதன்று. நிகழ்ச்சி நிரலில் ‘மகளிர் பாதுகாப்பு’ என்று பொதுவாக அச்சிட்டிருக்கிறார்கள். விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. வேலை வாங்கித் தருவதாகவும் திருமணம் செய்துகொள்வதாகவும் ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டு, நகரங்களின் விபசார விடுதிகளில் விற்கப்பட்ட பெண்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பும்போது ஊராட்சி செய்ய வேண்டியது என்ன என்பதே பொருள்.

மீட்பது போலீசாரின் வேலை. விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை. சில காலம் வைத்துப் பராமரிப்பது இல்லங்களின் வேலை. ஆனால் அப்பெண் மறுபடியும் ஒரு தெருவில் குடியிருந்து, ஒரு குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரு கடையில் அரிசி வாங்கி வாழ வேண்டுமன்றோ? அந்தப் பகுதி எந்த இலாகாவின் கையிலும் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது. பெண் உறுப்பினர்கள் அமர்ந்திருக்கும் சபையில் இதைப் பேசலாமா என்று தேநீர் வேளையில் நண்பர் ஒருவர் கேட்டார். அவர்கள் அமர்ந்திருப்பதனாலேயே பேசுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. இவ்வாறு சென்று வந்த பெண்ணை ஊர்ப்புறத்தில் ‘கெட்டுப் போனவள்’ என்று சொல்லிவிடுகிறோம். பால் கெட்டுப் போகும், பழம் கெட்டுப் போகும். அவை தாமாகக் கெடுகின்றன. இந்தப் பெண் தானாக எங்கும் போகவில்லை. ஒருவன் அழைத்துச் சென்றான். ஒருவன் விலை பேசினான். ஒருவன் பணம் கொடுத்தான். பலர் அந்த வீட்டிற்கு வந்து போனார்கள். இத்தனை பேர் செய்த காரியத்திற்குக் கெட்ட பெயர் வாங்கியவள் அவள் ஒருத்தி.

சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. மனிதரை வணிகம் செய்வதை நமது அரசியலமைப்பின் 23ஆவது விதி தடை செய்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆவது பிரிவு 2013இல் புதிதாக எழுதப்பட்டு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவாக நடைமுறையில் இருந்து வருகிறது. வயது வந்த ஒருவரை இவ்வாறு கடத்தியவனுக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல். பதினெட்டு வயது நிரம்பாதவரைக் கடத்தியவனுக்குப் பத்து ஆண்டுக்குக் குறையாமல், ஆயுள் தண்டனை வரையிலும் விதிக்கலாம். ‘அவள் சம்மதித்துத்தானே வந்தாள்’ என்னும் வாதம் செல்லாது என்பதையும் அதே பிரிவு சொல்கிறது.

அழைத்துச் செல்பவன் பெரும்பாலும் அந்நியனாக இருப்பதில்லை. தூரத்து உறவினன், பக்கத்து ஊர்க்காரன், முன்பு அதே வழியில் சென்று பிழைப்புக்காகத் தரகியாகிவிட்ட ஒரு பெண் என்று அறிமுகமானவர்களே வருகிறார்கள். அவர்கள் வரும் காலமும் உங்களுக்குத் தெரிந்த காலந்தான்: மழை பொய்த்த ஆண்டு, மூத்த மகளின் திருமணக் கடன் அடையாத ஆண்டு, வீட்டு ஆண்மகன் படுத்துவிட்ட ஆண்டு. மில் வேலை, வீட்டு வேலை, ஜவுளிக்கடை வேலை என்று ஒரு பெயர் சொல்லி முன்பணமும் கொடுப்பார்கள். விடுதியில் நடப்பதைக் கேளுங்கள். அவளை வாங்கிய விலை, சோறு, துணி, மருத்துவச் செலவு, லஞ்சம் கொடுத்த தொகை யாவும் அவள் பெயரில் கடனாக எழுதப்படும், வட்டியும் சேரும். கணக்கு எழுதுபவர் விடுதிக்காரர். அடைந்துவிட்டது என்று சொல்ல வேண்டியவரும் அவரே. கந்துவட்டிக்காரரிடம் அகப்பட்டு மீண்டவர்கள் இச்சபையில் இருக்கக் கூடும். அசல் குறையாத கணக்கு எப்படி எழுதப்படும் என்பதை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இது ஒழுக்கத்தைப் பற்றிய பிரச்சினை என்பதைக் காட்டிலும் கொத்தடிமைப் பிரச்சினை என்பதே பொருந்தும். இவ்வாறு சொல்வதில் ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

மீட்டுக் கொண்டுவந்துவிட்டால் காரியம் முடிந்தது என்ற எண்ணம் நீண்ட காலமாக இருந்து வருகிறது. 1990ஆம் ஆண்டில் பம்பாய் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் மீட்கப்பட்டுத் தனி இரயிலில் சென்னைக்கு அழைத்து வரப்பட்டார்கள். ‘முக்தி எக்ஸ்பிரஸ்’ என்று அந்த இரயிலுக்குப் பெயர். விடுதலை இரயில் என்பது பொருள். நல்ல பெயர்தான். ஆனால் வந்து இறங்கியவர்கள் அரசாங்க இல்லங்களில் வைக்கப்பட்டு, எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டு, அச்செய்தியும் வெளியே பரவியபோது, அவர்களுடைய ஊர்களுக்கு அவர்களைப் பற்றி முதலில் போய்ச் சேர்ந்தது எது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்னரே அவளைப் பற்றிய வதந்தி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டால், அவள் எங்கே உட்காருவாள்? இப்பொழுது அதற்கென்று சட்டம் இருக்கிறது. ஒருவருடைய அனுமதி இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதையும், அதன் முடிவைப் பிறருக்குச் சொல்வதையும் 2017ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1996 பிப்ரவரியில், அதே நகரத்தில் நடந்த பெரிய சோதனையில் மீட்கப்பட்ட பெண்களில் பலர் நேபாள நாட்டினர். அவர்களைத் திரும்ப ஏற்றுக்கொள்ள அவர்களுடைய அரசாங்கமே தயங்கிற்று. குடியுரிமைச் சான்று இல்லை என்பது ஒரு காரணம். நோயைக் கொண்டு வருவார்கள் என்ற அச்சம் மற்றொன்று. மாதக்கணக்கில் இங்கே இல்லங்களில் காத்திருந்த பின்னர், நேபாளத்துத் தொண்டு ஸ்தாபனங்கள் சில பொறுப்பேற்று நூற்றுக்கு மேற்பட்டவர்களை அழைத்துச் சென்றன. அவ்வாறு திரும்பிய பெண்களில் பதினைந்து பேர் சேர்ந்து ‘சக்தி சமூஹ’ என்னும் சங்கத்தை அமைத்தார்கள். தம்மைப் போன்ற பெண்களைத் தாமே வரவேற்று, இடம் கொடுத்து, வழக்கு நடத்தத் துணை நின்றார்கள். 2013இல் அச்சங்கத்திற்கு மகசேசே விருது கிடைத்தது. பரிதாபத்திற்குரியவர்கள் என்று ஒரு நாடே தயங்கி நின்ற பெண்கள் செய்த காரியம் அது. அவர்களுக்கு வேண்டியிருந்தது பரிதாபமன்று. இருக்க ஓர் இடமும், யாரும் துருவிக் கேட்காத சில ஆண்டுகளும்.

நமது மாநிலத்திலேயே இதற்கு முன்னோடிகள் உண்டு. தேவதாசி மரபில் பிறந்த சிறுமியருக்குச் சென்னை விடுதிகளில் இடம் கிடைக்காத காலத்தில், 1930ஆம் ஆண்டில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அது கதவை மூடிப் பாதுகாத்த இல்லமன்று. படிக்க வைத்த இல்லம். பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. இல்லம் அதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை நீங்கள் யாவரும் அறிவீர்கள். 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டத்திற்கும், 2022இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. உங்கள் ஊர்களில் விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பெயரை எழுதாத குடும்பம் குறைவு. அந்த அம்மையாரே குழந்தைப் பருவத்தில் வறுமையால் ஒரு தாசியிடம் விற்கப்பட்டவர் என்பதும், விலை பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும் என்று அவருடைய வரலாறு கூறுவதும் பலருக்குத் தெரியாது.

நிற்க. இனி ஊராட்சியின் வேலைக்கு வருவோம்.

மீட்கப்பட்ட பெண்ணை வீட்டிற்கு அனுப்புவதற்கு முன் ஒரு விசாரணை நடக்க வேண்டும் என்பது சட்டம். 1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1986இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, வயது வந்த பெண் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படுகிறாள். அவளை யாரிடம் ஒப்படைப்பது, பெற்றோரோ கணவனோ தகுதியுடையவர்தாமா, அந்த வீட்டுச் சூழ்நிலை அவளுக்கு எப்படி இருக்கும் என்று நன்னடத்தை அலுவலரைக் கொண்டு மாஜிஸ்திரேட் விசாரிப்பார். துணைக்கு ஐந்து கௌரவமான பிரமுகர்களை அழைக்கலாம். இயன்றவரை அவர்களில் மூவர் பெண்களாக இருக்க வேண்டும். இந்த விசாரணைக் காலத்தில் அவளைக் காவலில் வைக்கக் கூடியது மூன்று வாரத்திற்கு மேற்படாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவளாயின் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குழந்தைகள் நலக் குழு இவ்வேலையைச் செய்கிறது. எப்படியாயினும் ஒரு நாள் ஓர் அலுவலர் உங்கள் ஊருக்கு வருவார். உங்களைக் கேட்பார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், எங்கே வைத்துச் சொல்கிறீர்கள், எத்தனை பேர் கேட்கச் சொல்கிறீர்கள் என்பதில் அவளுடைய மீதி வாழ்நாள் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாம் இன்று வலியுறுத்த வந்தது இந்த ஒன்றைத்தான்.

வேறொரு மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஊரும் ஆளும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். விசாரணைக்கு வந்தவர்கள் இலாகாப் பெயர்ப் பலகை பொருத்திய ஜீப்பில் வந்து, கடைத்தெருவில் தேநீர்க்கடை முன் நிறுத்தி, பெண்ணின் புகைப்படத்தைக் காட்டி, ‘இந்தப் பெண்ணின் வீடு எது?’ என்று கேட்டார்கள். கடைக்காரர் வழி சொன்னார். கூடவே காரணமும் கேட்டார். காரணத்தைச் சொன்னார்கள். அன்று மாலைக்குள் ஊர் முழுதும் செய்தி. இளைய மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் அந்த வாரமே நின்றது. தகப்பனார் எழுதிக் கொடுத்த கடிதத்தில் ‘அவள் இறந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்கிறோம்’ என்று இருந்தது. அந்த மனிதர் கொடியவர் அல்லர். மகள் காணாமற் போன நாளிலிருந்து ஒவ்வொரு போலீஸ் நிலையமாக ஏறி இறங்கியவர். மகளை ஏற்றுக்கொள்ளும் மனம் அவருக்கு இருந்தது. ஊர் அறிய ஏற்றுக்கொள்ளும் தைரியம் இல்லை. ஊர் அறிந்திராவிட்டால் அந்தத் தைரியத்திற்குத் தேவையே இருந்திராது.

ஆகையால் அலுவலர் வந்தால் ஊராட்சி அலுவலகத்தின் உள்ளறைக்கு அழைத்துச் செல்லுங்கள். கூடத்தில் மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கையில் பேச வேண்டாம். வீட்டைக் காட்ட மகளிர் குழுப் பெண் ஒருத்தியைச் சாதாரணமாக நடந்து போகச் சொல்லுங்கள். அண்டை வீட்டாரிடம் கேட்க வேண்டியிருந்தால், வீட்டுவசதிக்கோ ரேஷன் கார்டுக்கோ கேட்பதைப் போலக் கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் அவள் பெயர் ஏறவே கூடாது. கிராம சபையில் இப்பொருள் வரவே கூடாது. எல்லாவற்றையும் சபையில் வைத்துத் தீர்ப்பது ஜனநாயகம் என்று சிலர் நினைக்கிறார்கள், இது அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவளின் பெயரையோ ஊரையோ புகைப்படத்தையோ பத்திரிகை முதலியவற்றில் வெளியிட்டால் ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கைபேசியில் ஊர்க்குழுவிற்கு அனுப்பும் செய்தியும் வெளியீடுதான் என்று இளைஞர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இரகசியம் காப்பதென்றால் உண்மையை மறைப்பதென்று பொருளன்று. விசாரணை அலுவலரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அதிலும் ஒரு விஷயத்தை மிகவும் தைரியமாகச் சொல்ல வேண்டும்: அவளை அனுப்பியவர் அந்த வீட்டிலேயே இருக்கிறாரா என்பதை. ‘பெற்றவர்கள் இருக்கிறார்கள், அனுப்பி வையுங்கள்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிடுவது எளிது. முன்பணம் வாங்கியவர் தகப்பனாராகவோ சிற்றப்பனாகவோ இருந்தால், கடனும் அப்படியே இருந்தால், தரகனும் அதே தெருவில் நடமாடினால், அவளை அங்கே அனுப்புவது மறுபடி விற்பதற்கு வழி செய்வதே ஆகும். இந்த ஆபத்தை எண்ணித்தான், பெற்றோரிடம் ஒப்படைக்கும் முன் அவர்களுடைய தகுதியையும் உண்மைத் தன்மையையும் அங்கீகாரம் பெற்ற நல ஸ்தாபனத்தைக் கொண்டு விசாரிக்கலாம் என்று 1986 திருத்தத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள்.

நமது வட்டாரத்திலும் ஒரு குடும்பம் உண்டு. தகப்பன் வாங்கிய முன்பணந்தான் தொடக்கம். வழக்கு நடக்கிறது. பெண்ணோ தாயைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று அழுதாள். ஊராட்சித் தலைவி ஒரு வழி கண்டார். பெண்ணைத் தாய்மாமன் வீட்டில் இருக்கச் செய்தார். மாமி சிறிது முணுமுணுத்தார், பின்னர்ச் சரியாயிற்று. வாரம் ஒரு நாள் தாய் வந்து பார்த்துப் போவாள். மகளிர் குழுவில் மற்றவர்களைப் போலவே அவளும் விண்ணப்பம் எழுதி, மற்றவர்களைப் போலவே கறவை மாட்டுக் கடன் வாங்கினாள். குழுவில் இருவருக்கு மட்டும் விஷயம் தெரியும். பால் சங்கத்தில் காலையும் மாலையும் வரிசையில் நின்று பால் ஊற்றுகிறாள். தவணை ஒன்றிரண்டு தவறியிருக்கிறது. மாடு சினை பிடிக்காததனால். அதுவும் மற்றவர்களைப் போலத்தான்.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. இல்லங்களில் பெரும்பாலும் தையலே கற்றுக் கொடுக்கிறார்கள். தையல் நல்ல தொழில். ஆனால் நான்கு தையல்காரர் ஏற்கெனவே கூலிக்குப் போட்டியிடும் ஊருக்கு ஐந்தாவது இயந்திரத்தை அனுப்பினால் ஆறு மாதத்தில் அது துணி போர்த்தி மூலையில் நிற்கும். அந்த ஊரில் எதற்குக் கிராக்கி இருக்கிறது என்பது இல்லத்தாருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நாற்றுப் பண்ணைக்கு ஆள் வேண்டுமா, பள்ளிச் சமையற்கூடத்தில் இடம் காலியா, கொள்முதல் நிலையத்தில் கணக்கெழுத ஆள் தேவையா என்பதை விசாரணைக்கு வரும் அலுவலரிடம் அப்பொழுதே சொல்லி அனுப்புங்கள். அவள் இல்லத்தில் இருக்கும்போதே அதற்கான பயிற்சியைப் பெறலாம். உஜ்வாலா என்று 2007இல் தொடங்கிய திட்டமும் ஸ்வாதார் இல்லங்களும் 2022இல் ஒன்றாக்கப்பட்டுச் ‘சக்தி சதன்’ என்ற பெயரில் இயங்குகின்றன. தங்குமிடம், மருத்துவம், மனநல ஆலோசனை, தொழிற்பயிற்சி யாவும் அங்கே உண்டு. அங்கிருந்து வெளியே வரும் நாளில் கையில் எது இருக்கிறது என்பதே கேள்வி.

நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் வேலை இருக்கிறது. நாற்றைப் பிடுங்கி நட்டால் சில நாள் வெளிறித்தான் நிற்கும். வேர் பிடித்துப் பச்சை கட்டும் வரை யாரும் அதை ஆட்டிப் பார்ப்பதில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் அவளைக் கூப்பிடுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலியையே கொடுங்கள். கூட நடும் பெண்கள் முதல் வாரம் எதையாவது கேட்பார்கள். அதைத் தடுக்க மேஸ்திரி அம்மாள் ஒருவர் போதும். அதிகாரிகள் பத்துப் பேர் சேர்ந்தாலும் முடியாது. ஒரு கட்சிக்காரர் அவளை இரக்கத்தோடு மேடையேற்றிச் சேலை வழங்க விரும்பலாம். மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

‘நல்ல இடமாகப் பார்த்துக் கல்யாணம் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று பெரியவர்கள் சொல்வதை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். அவசரப்பட வேண்டாம். வீட்டில் அவளை வைத்திருக்கக் கூச்சப்பட்டுச் செய்யும் கல்யாணம் வேறு. அவள் விரும்பி, சம்பாதித்து, தெரிந்தெடுத்துச் செய்துகொள்ளும் கல்யாணம் வேறு. கூச்சத்திற்காகச் செய்த கல்யாணத்தில் கணவனுக்கு விஷயம் தெரிய வரும் நாளில் அவள் மறுபடி தெருவில் நிற்பாள்; அப்பொழுது தரகன் எங்கிருந்தோ வந்து சேருவான். பதினெட்டு வயது நிரம்பாதவளுக்குக் கல்யாணம் செய்வது குற்றம் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

பணத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்வதாகக் கூறினோம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. மீட்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு உதவி அளிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, விபசார விடுதி போன்ற இடங்களில் மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மூன்று இலட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். இதற்கு வருவாய்க் கோட்டாட்சியரோ மாவட்ட ஆட்சியரோ தரும் விடுதலைச் சான்று வேண்டும். அது தவிர, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு நிதியிலிருந்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் விண்ணப்பிக்கலாம். வக்கீல் கட்டணமும் வேண்டியதில்லை. விடுதலைச் சான்று என்று ஒன்று இருப்பதே தெரியாமல் பல பெண்கள் வெறுங்கையோடு வந்துவிடுகிறார்கள். இதைக் கேட்டு வாங்கும்படி குடும்பத்தாரிடம் சொல்வதற்கு உங்களுக்கு ஐந்து நிமிஷந்தான் ஆகும்.

பணம் வரும்போது உறவும் வரும். அதுவரை வாசலைத் திறக்காத பெரியப்பன், தான் செலவழித்ததாக ஒரு கணக்கோடு வந்து நிற்பார். வங்கிக் கணக்கு அவள் ஒருத்தியின் பெயரில் இருக்கட்டும்; கைபேசி எண்ணும் அவளுடையதாகவே இருக்கட்டும். கூட்டுக் கணக்கு வேண்டாம்.

அடுத்தபடியாகக் காகிதங்கள். நீண்ட காலம் வெளியே இருந்தவளின் பெயர் குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். வாக்காளர் பட்டியலிலும் இராது. அவற்றில் சேர்ப்பது உங்கள் ஒரு நாள் வேலை. விண்ணப்பத்தில் ‘வேலை நிமித்தம் வெளியூர்’ என்று எழுதினால் போதும், பொய்யுமன்று. அவளுக்குக் குழந்தை இருந்தால் காரியம் இன்னும் நுட்பமானது. மணமாகாத தாய் தன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், தகப்பன் பெயரைக் கட்டாயப்படுத்தாமல் உறுதிமொழிப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2015இல் உத்தரவிட்டது. தாயின் பெயரின் முதலெழுத்தையே இனிஷியலாகப் போட்டுப் பள்ளியில் சேர்க்கலாம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், வகுப்பில் எழுந்து நின்று ‘அப்பா பெயர் என்ன?’ என்ற கேள்விக்கு விழிக்கும் நிலை அக்குழந்தைக்கு வராது.

மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். இதற்கிடையில் எதிர்த் தரப்பினர் ஊருக்கு வருவார்கள். நேரே அவள் வீட்டிற்குப் போகாமல் உங்களிடம் வருவார்கள். ‘நடந்தது நடந்துவிட்டது, பெண்ணின் எதிர்காலத்தைப் பாருங்கள், ஒரு தொகை வாங்கிக் கொடுத்து முடித்துவிடலாம்’ என்று பேசுவார்கள். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். வரப்புத் தகராறையும் பங்காளிச் சண்டையையும் மரத்தடியில் பேசித் தீர்த்த வழக்கம் நமக்கு உண்டு. இதை அவ்வாறு தீர்க்கச் சட்டத்தில் இடமில்லை. சாட்சியை மாற்றச் சொல்வது தனிக் குற்றம். அவள் மிரட்டப்பட்டால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி பாதுகாப்புக் கேட்கலாம். அத்திட்டத்தை உச்சநீதிமன்றம் 2018 டிசம்பரில் நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. தொலைதூர நீதிமன்றத்திற்கு அவள் அலைய வேண்டியதும் இல்லை. இங்கிருந்தே காணொளி மூலம் சாட்சி சொல்ல அனுமதி கேட்கலாம். சமரசம் பேச வந்தவர்களுக்கு நீங்கள் தேநீர் கொடுக்கலாம், வேறொன்றும் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். எல்லாப் பெண்களும் ஊருக்குத் திரும்ப விரும்புவதில்லை. அதற்காக அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று எண்ணக் கூடாது. எந்த வீட்டிலிருந்து அனுப்பப்பட்டாளோ அந்த வீட்டைக் கண்டு அஞ்சுவது இயல்பு. சிலர் நகரத்திலேயே வேலை தேடித் தங்கிவிடுவார்கள். வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்திற்கு மாறாக இல்லத்தில் அடைத்து வைக்கலாகாது என்பதையும், அவளையும் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்பதையும் 2022 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் வற்புறுத்தியது. அப்படித் தங்குபவளுக்கும் ஊரில் அவள் பங்கு உண்டு. தகப்பனார் நிலத்தில் மகளுக்குரிய உரிமையை, ‘அவள்தான் வரப்போவதில்லையே’ என்று சொல்லிப் பெயர் விட்டு வாரிசுச் சான்று வாங்க முயல்வார்கள். விசாரிக்க வருபவர் உங்களிடம் கேட்டால் மகள்கள் எத்தனை பேரோ அத்தனை பேரையும் சொல்லுங்கள்.

ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். தலைவர் ஊராட்சித் தலைவரே. பல ஊர்களில் அது பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. கையெழுத்துகள் ஒரே மையில் ஒரே நாளில் போடப்பட்டவை என்பது பார்த்தவுடனே தெரிகிறது. வேலைக்கென்று வெளியூர் போகும் சிறுமியர் யார், அழைத்துச் செல்பவர் யார், முகவரி என்ன, கைபேசி எண் என்ன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மாதம் ஒரு முறை பேசிப் பார்ப்பது அக்குழுவின் முதல் வேலையாக இருக்கட்டும். இரண்டு மாதம் தொடர்ந்து பெண்ணோடு பேச முடியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசர உதவிக்கு 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100. இந்நான்கு எண்களையும் ரேஷன் கடைச் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் எழுதச் சொல்லியிருக்கிறோம். பெயிண்ட் செலவை ஊராட்சிப் பொது நிதியில் போடலாமா என்று காலையில் ஒருவர் கேட்டார். போடலாம்.

விடுதலைச் சான்றுக்கும் இழப்பீட்டிற்கும் உரிய விண்ணப்ப மாதிரிகள் வாசலருகே மேஜையில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஊராட்சிக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். தங்கள் ஊரில் இப்பொழுதே இப்படியொரு குடும்பம் இருப்பதாக நினைப்பவர்கள் இங்கே எழுந்து கேட்க வேண்டாம். சாப்பாட்டிற்குப் பிறகு நாமும் மகளிர் ஊர்நல அலுவலரும் பின்புறத்து அறையில் இருப்போம். ஒவ்வொருவராக வரலாம்.